ஏணியில் நிற்பவர்கள் இறங்கிக்கொள்ளவும்

பவளக்கொடி பெரியவரை முதன்முதலாகத் தூக்கியபோது பலத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, அவருக்கு அடியில் கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆயுத பூசைக்கு முந்தைய நாள், காக்காக்கரடு என்ற ஊரில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் எல்லாம் கழுவிவிடப்பட்டுச் சந்தன வாசமும் டீசல் வாசமும் கலந்து கிடந்த சாயங்காலத்தில், செங்கோடனின் டயர் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், அவள் இடது கையால் பெரியவரை எடுத்து ஓரமாகப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த விளக்குமாற்றால் அங்கே பல வருஷமாகச் சேர்ந்திருந்த துருவையும் பல்லிமுட்டை ஓடுகளையும் கூட்டித் தள்ளினாள். அதே நேரத்தில் வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மாலைக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் நவநீதனோடு பெஞ்சு இரண்டாக உடைந்து தரையில் இறங்கியது. ஊரில் முதலில் பேசப்பட்டது பெஞ்சைப் பற்றித்தான். சிமெண்டில் கை வைத்துவிட்டான் என்று மேஸ்திரியை எல்லோரும் திட்டினார்கள்.

பெரியவர் என்பது ஒரு சம்மட்டி. மலைப்பாதையில் உருண்டு நசுங்கிய ஒரு லாரியின் அச்சையும் பல்சக்கரங்களையும் உருக்கி, செங்கோடனின் அப்பா யாரிடமும் காரணம் சொல்லாமல் வார்த்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். தலை மட்டும் ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். பிடிக்கு இரும்புக் குழாய், அதன்மேல் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. அந்தக் கூடத்தில் வேறு கருவிகளே கிடையாது, பாதி புதைத்த லாரி டயர்களும் சுவரோரம் சாத்தி வைத்த சம்மட்டிகளும்தான். சம்மட்டியை வலது தோளுக்கு மேலே கொண்டுபோய், மேல்கை பிடியில் வழுக்கிக் கீழ்கையோடு வந்து சேர, இடுப்பை மடக்கி டயரின்மேல் இறக்க வேண்டும். டயர் அதை மிரண்ட மாட்டைப் போலத் திருப்பி எறியும். அதைப் பிடித்து அடக்கி, கை மாற்றி, இடது தோளுக்கு மேலே கொண்டுபோக வேண்டும். சின்னச் சம்மட்டியில் ஆரம்பித்தவன் அதன் கனம் மறந்துபோன அன்றைக்கு அடுத்ததை எடுப்பான். அப்படி ஒவ்வொன்றின் கனத்தையும் மறந்து மறந்து, பெரியவருக்கு முந்தைய சம்மட்டி வரைக்கும் வந்து நின்றவன் ஊரில் நவநீதன் ஒருவன்தான். அவன் பெரியவரைத் தூக்கப்போகும் நாளுக்கென்று செங்கோடன் ஒரு சரவெடி வாங்கி வைத்து, அது நமுத்துப்போய், இன்னொன்று வாங்கி வைத்திருந்தார்.

அந்தச் சரவெடியைப் பவளாவுக்காகக் கொளுத்தினார்கள். பூசையன்று பெரியவருக்குக் கீழே தரை பளபளவென்று இருப்பதைப் பார்த்துச் செங்கோடன் விசாரிக்க, அவள் வெகு சாதாரணமாக அவரை மறுபடி எடுத்துக் காட்ட, கூடத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நவநீதன் கணுக்கால் வரைக்கும் மண்ணுக்குள் போனான். நேற்றுப் பெய்த மழையில் மண் இளகிக் கிடக்கிறது என்று அவனே சொன்னான். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

விஷயம் ஊருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. பெரியவரின் கனம் எங்கும் காணாமல் போய்விடவில்லை. அவரைத் தூக்குகிறவரைப் பார்த்து யாருக்கெல்லாம் வயிறு எரிகிறதோ அவர்கள் உடம்பில் பங்கு பிரித்துக்கொண்டு இறங்கியது, கீழே வைத்ததும் அவரிடமே திரும்பி வந்தது. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. யார் யார் என்பதைத்தான் கேட்டார்கள். பவளா தினமும் காலையில் பயிற்சிக்கு நின்ற நேரத்தில், லாரி முகப்பில் பூ வரைந்துகொண்டிருந்த பெயிண்டர் ஒருவன் ஏணிக் கம்புகளை வரிசையாக உடைத்துக்கொண்டு இறங்கினான், பேருந்தில் அவளோடு கல்லூரிக்குப் போய்வந்த ஒருத்தியின் ஊஞ்சல் கொக்கியோடு கழன்றது, பவளாவின் பெரியம்மா வெற்றிலை போட உட்கார்ந்த நாற்காலி கால் பரப்பியது. பிறகு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பவளக்கொடி சம்மட்டி எடுக்கப்போவதால் ஏணியில் நிற்பவர்கள் இறங்கிக்கொள்ளவும் என்று அறிவிக்கும் வழக்கம் வந்தது. தனக்கு அதெல்லாம் இல்லை, ஒரு டீ குடிக்கலாம் என்றுதான் இறங்கினேன் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். அந்த நேரத்தில் டீக்கடையில் நிற்க இடம் இருக்காது. உட்காருவதற்கு எல்லோரும் தரையையே விரும்பினார்கள்.

அப்புறம் அது வாழ்க்கையில் ஒரு பகுதியாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் காலை நேரத்தில் வந்து, பையனை மர நாற்காலியில் உட்காரவைத்து, கால் கிரீச்சிடுகிறதா என்று பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். தன்னைப் பார்த்து ஊரே பொறாமைப்படுகிறது என்று எப்போதும் சொல்லிவந்த வார்டு கவுன்சிலர் ஒருநாள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவரைத் தூக்க வந்தார்; பெரியவர் ஒரு மயிரிழைகூட அசையவில்லை; கவுன்சிலர் வீட்டம்மா அந்த வாரம் முழுவதும் கோயிலுக்கு வரவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து நவநீதனும் ஒருமுறை குனிந்து பிடியில் கை வைத்தான். இழுத்தான், மூச்சை அடக்கி மறுபடி இழுத்தான். தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த ஊரில் ஒரு ஆத்மா கிடையாது என்பது, தன்னால் தூக்க முடியவில்லை என்பதைவிட அவனுக்கு அதிகமாக வலித்தது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஆணி இருந்தது. அந்த ஆணியில் மாட்டிய ஒரு பலகையில் நவநீதன் சுற்றுவட்டாரத்தில் வாங்கிய கோப்பைகள் இருந்தன. அப்பா போன பிறகு பத்தாவதோடு வெல்டிங் பட்டறைக்குப் போன நவநீதன்தான் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பினான். அந்தக் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் போட்டோ பெரிதாகச் சட்டம் போட்டு வந்தபோது, அம்மா பாவாயி பலகையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு அந்த ஆணியில் அதை மாட்டினாள். அந்த ஆணியை அடித்தவனே நவநீதன்தான். டயர் பட்டறைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் எடை மேடையில், குளிர் போட்ட கண்ணாடி அறையில் உட்கார்ந்து லாரிகளை எடை பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டாள் என்று டிரைவர்கள் சலித்துக்கொண்டார்கள். எல்லாம் சரி, எல்லாம் அவன் விரும்பியதுதான், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் குடிக்கும் தண்ணீர்கூடச் சில்லென்று இருந்தது. மிச்சம் இருந்தது பெரியவர் ஒருவர்தான். அவரையும் அவள் கூட்டிப் பெருக்குவதற்காகத் தூக்கிவிட்டாள்.

பாவாயி வெள்ளிக்கிழமை தோறும் மகளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் கையில் மூடி, மூன்று முறை சுற்றி, துப்பச் சொல்லி அடுப்பில் போட்டாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பாள். உப்பு வெடிக்கும் சத்தத்தை வைத்து யார் யார் கண் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். ஒரு வாரம்கூடத் தன் மகன் பெயரை அவள் சொன்னதில்லை. அவன் கட்டில் உடைந்தபோது தச்சனைத் திட்டினாள், வாசல்படி விரிசல் விட்டபோது கல் விற்றவனைத் திட்டினாள். ஊரில் யாருமே அப்படி நினைக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் கண் இருக்குமா என்றுதான் இருந்தார்கள்.

ஆனால் எதுவும் பழகிவிடும். பவளா பெரியவரைத் தூக்குவது பால் வண்டி வருவதைப் போல ஆகிவிட்ட பிறகு, ஊர் மெல்ல மெல்ல அவளை விட்டுவிட்டு, புது கார் வாங்கியவன், வெளிநாடு போனவன் என்று வேறு ஆட்களைப் பார்த்து எரியத் தொடங்கியது. பெயிண்டர் ஏணியிலேயே நின்று பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மா புது நாற்காலி வாங்கினாள். ஒவ்வொருவராக விட்ட பங்கு மீதமிருந்தவர்கள்மேல் ஏறி, கடைசியில் மொத்தமும் ஒரே ஆள்மேல் வந்து நின்றது. பவளாவின் கைகளில் எந்த மாற்றமும் இல்லை. யார் சுமந்தால் என்ன, பெரியவர் அவளுக்கு விளக்குமாற்றைப் போலத்தான் இருந்தார். நவநீதன் காலையில் பட்டறைக்குப் போவதை நிறுத்தி, வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் போய் முட்டியை லேசாக மடக்கி நின்றுகொள்ளத் தொடங்கினான். அவன் தொடைகள் ஆலமரத்து வேரைப் போல முறுக்கேறின.

கோயில் திருவிழாவான நோம்பியைச் சாட்டி அறிவித்த வாரத்தில் அது பவளாவுக்குத் தெரிந்தது. மாரியம்மன் நோம்பிக்கு அவள் பெரியவரைத் தலைக்கு மேலே நிறுத்திக் காட்டப்போகிறாள் என்றும், பெரிய நிறுவனம் ஒன்றின் விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் அதிகாரி அதைப் பார்க்க வருகிறார், பிடித்துவிட்டால் வேலை நிச்சயம் என்றும் ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வைத்திருந்தார்கள். எடை பார்க்கும் பெண்ணாதலால் இப்போது அந்தக் கனத்தை யார் யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம், மேடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் அதன்மேல் நில் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்துபோய்ப் பெரியவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே லாரிக்காரர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த பெரிய பலகையில் சிவப்பு எண்கள் துடித்து ஏறி நின்றன. பெரியவரின் எடை அவளுக்கு முன்பே தெரியும். அண்ணனுடைய எடையும் தெரியும். இரண்டையும் கூட்டினால் வருவதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டாள்.

"வேற ஒருத்தருமே இல்லையாண்ணா?"

"எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் நிக்கறேன்."

"எப்பருந்து?"

"போட்டோ மாட்டுன நாள்லருந்து," என்றான் நவநீதன்.

அவள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எண் பலகை அவளையும் சேர்த்துக் காட்டியது. இனிமேல் தூக்கமாட்டேன் என்றாள். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"கைதட்டு உனக்கு, முட்டிவலி எனக்கு. பாதி தூக்கறவன் நானு. நிறுத்தறதா இருந்தா என்னையும் ஒரு வார்த்தை கேக்கணுமல்ல?"

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் அதைக் காத்திருக்கும்படி கை காட்டினாள்.

"தலைக்கு மேல நிறுத்தோணும்ணா. அந்நேரம் பாத்து உனக்கு எம்மேல பாசம் கீசம் வந்துருச்சுன்னா, மொத்தமும் எந்தலையில எறங்கும். நான் செத்துருவேன்."

நவநீதன் அதைப் பொறுப்பாக யோசித்தான். பிறகு, "அந்தக் கவல உனக்கு வேண்டாம்," என்றான்.

பாவாயிக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. எடை மேடைப் பலகையில் ஏறிய எண்களை யாரோ பார்த்துவிட்டிருந்தார்கள்; நோம்பியன்று காலையில் தண்ணீர்க் குழாயடியில், பாவாயி வீட்டில் இரண்டு சம்மட்டி, ஒன்று தூக்குகிறது ஒன்று தாங்குகிறது என்று யாரோ சொல்ல யாரோ சிரித்தது மட்டும் அவள் காதில் விழுந்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, உடைந்த கட்டிலையும் விரிந்த வாசல்படியையும் பரணில் தூசி படிந்து கிடந்த கோப்பைகளையும் முதல் முறையாக ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். இத்தனை வெள்ளிக்கிழமையும் கண் பட்டவளுக்கே சுற்றிப் போட்டோமே, கண் இருக்கிறவனுக்கு யார் சுற்றுவது என்று அவளுக்குத் தோன்றியது. காய்ச்சல் இருக்கிற பிள்ளைக்குத்தான் மருந்து. யாரிடமும் சொல்லாமல் சந்தைக்குப் போய்ச் சாம்பல் பூத்த பூசணிக்காய் ஒன்று வாங்கி, சேலைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெரியவர் பட்டு வேட்டி கட்டி டிராக்டரில் மைதானத்துக்கு வந்தார். ஒலிபெருக்கி அறிவித்தது, தேவையில்லாவிட்டாலும் பழக்கத்தினால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். நவநீதன் மட்டும் முன்வரிசைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றான். அன்று காலையிலிருந்து அவன் விரதம் காப்பவனைப் போலத் தன் பொறாமையைக் காத்துவந்தான். நல்ல நினைவுகள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தங்கையின் படம் மட்டும் போட்டிருந்த தட்டியை நின்று நின்று பார்த்தான், ஆள் எடுக்கும் அதிகாரிக்கு அவள் வணக்கம் சொல்லும்போது அவர் எழுந்து நின்றதையும் மனசில் பத்திரப்படுத்திக்கொண்டான். பவளா பிடியைப் பற்றினாள், அண்ணனைப் பார்த்தாள், அவன் தலையசைத்தான். பெரியவர் மேலே போனார். நவநீதன் கணுக்கால் வரைக்கும் இறங்கினான்.

அவள் தலைக்கு மேலே கைகளை நீட்டி நிறுத்திய நேரத்தில், அவனுக்குப் பின்னால் கற்பூர வாசம் வந்தது. பாவாயி பூசணிக்காயின் தலையில் கற்பூரம் ஏற்றி, மகனை மூன்று முறை சுற்றி, தரையில் ஓங்கிப் போட்டு உடைத்தாள்.

நவநீதன் மேலே வந்தான். பாதங்கள் மண்ணிலிருந்து தக்கையைப் போல வெளியே வந்துவிட்டன. உடம்பு இருப்பதே தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வந்தது. எதிரே பார்த்தால், சின்ன வயதில் மழையில் நனையாமல் இருக்கப் புத்தகப் பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த தன் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் விரிந்ததையும், முழங்கைகள் நடுங்கத் தொடங்கியதையும், பெரியவரின் தலை ஒரு விரற்கடை கீழே வந்ததையும் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. அவசர அவசரமாகப் பொறாமையைத் தேடினான். ஆணியை நினைத்தான், போட்டோ எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. கண்ணாடி அறையை நினைத்தான், வெயிலில் அவள் வேகாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. தட்டியை நினைத்தான், இன்னும் பெரிதாக அடித்திருக்கலாம் என்று தோன்றியது. எதைத் தொட்டாலும் பெருமையாகவே வந்து நின்றது, அவற்றில் ஒன்றுகூட அவளைக் காப்பாற்றப் போதாது. அவளிடம் ஓடிப் போய்ச் சேர நேரமும் இல்லை.

ஆனால் பெரியவர் விழவில்லை.

பவளாவின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, உதட்டிலிருந்து ரத்தம் வந்தது, குதிகால்கள் மண்ணை அரைத்தன. கீழே வந்த ஒரு விரற்கடை மறுபடி மேலே போனது. அவர் கனம் முழுவதும் அவரிடமே இருந்தது, யாரும் பங்கு வாங்கவில்லை, அவள் தனியாக அவரைத் தூக்கி நின்றாள். சின்னச் சம்மட்டியிலிருந்து ஒவ்வொன்றாக அவன் மறந்து மறந்து வந்ததெல்லாம் எதற்காகவோ, கைகளில் காய் காய்த்து உரிந்து மறுபடி காய் காய்த்ததெல்லாம் எதற்காகவோ, அது அவன் கண்ணுக்கு நேராக இன்னொருத்திக்கு நடந்துகொண்டிருந்தது. அப்போது, விரட்டிவிட்டாலும் வீடு தெரிந்த நாயைப் போல, பொறாமை தானாகத் திரும்பி வந்து அவன் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டது. நவநீதன் முழங்கால் வரைக்கும் பூமிக்குள் போனான்.

பெரியவர் மைதானத்தில் புதைத்து வைத்திருந்த டயரின்மேல் இறங்கினார். அது மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே குதித்தது. சரவெடி வெடித்தது, அதிகாரி கை தட்டினார், ஊரே கை தட்டியது. நடுவில் ஒரு மூச்சு நேரம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மகன் முன்னைவிட ஆழமாகப் புதைந்திருப்பதைப் பார்த்த பாவாயி, பூசணிக்காய் சொத்தை என்று சொல்லி, விற்றவனைத் திட்டிக்கொண்டே சந்தைப் பக்கம் போனாள்.

பவளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, அண்ணனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள்.

"ஏண்ணா இத்தன நேரம்?"

"நீ தனியாத் தூக்கினதப் பாத்த பொறவுதான் வந்துச்சு."

அவள் இழுப்பதை நிறுத்தினாள். "பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ ஒருத்தன்தான் பாத்திருக்க," என்றாள் பவளா.

வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடை மேடையில் அவளுக்குக் கடைசி நாளான அன்று மத்தியானம், கூடத்தில் யாரும் இல்லை. நவநீதன் உள்ளே வந்து சம்மட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய்ப் பெரியவருக்கு முன்னால் நின்றான். ஆலமரத்து வேரைப் போல இருந்த கால்களை அகட்டி வைத்தான். இனி அவரோடு இங்கே இருக்கப்போகிறவன் அவன்தான், விட்டுவிட்டுப் போகிறவள் அவள். குனிந்து பிடித்தான், இழுத்தான்.

பெரியவர் வந்தார். முழங்காலுக்கு வந்தார், இடுப்புக்கு வந்தார், தோளுக்கு வந்தார். தன் கால்களின் பலம் என்றுதான் முதலில் நினைத்தான். வாசலுக்குக் கொண்டுவந்தபோது, அவர் ஒரு விளக்குமாற்றின் கனம்கூட இல்லாமல் கையில் இருந்தார். ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பும் இல்லை. பட்டறைகளில் ஏணியில் நின்றவர்கள் ஏணியிலேயே நின்று பூ வரைந்துகொண்டிருந்தார்கள்.

எதிர்ச்சாரியில், கண்ணாடி அறைக்குள், பவளாவின் நாற்காலி நான்கு கால்களையும் பரப்பித் தரையோடு கிடந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சம்மட்டி எடுக்க நிற்பதைப் போலவே கால்களை அகட்டி, முட்டியை லேசாக மடக்கி, முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

அவன் உடனே கீழே வைத்திருக்கலாம். அவள் போதும் என்று சொல்லட்டும் என்று தலைக்கு மேலே பிடித்தபடி நின்றான். அவள் சொல்லவில்லை.